தீபாவளி ஓப்பன் ஹவுஸ், செருப்பையெல்லாம் எங்க வைக்கிறது?

கேள்வி: தீபாவளிக்கு வீட்டுக்கு சீன, மலாய் கூட்டாளிங்க குடும்பத்தோட விருந்துக்கு வராங்க, அவங்களும் வாசல்லயே கழட்டிடுவாங்க அதுல பிரச்சனை இல்ல, ஆனா போன வருஷம் காரிடார் முழுக்க செருப்பா கெடந்து பக்கத்து வீட்டு ஆன்ட்டி மொறைச்சாங்க. எப்படி சமாளிக்கறீங்க?

பதில் 1: ஆன்ட்டி மொறைக்கிறது இருக்கட்டும் ப்ரோ, தீயணைப்பு விதிப்படி வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி வீடு) காரிடார்ல 1.2 மீட்டர் வழி விடணும். செவத்தோரமா ரேக் போடுங்க, மிச்சத்த கேட்டுக்கு உள்ள பழைய தமிழ் முரசு பேப்பர் விரிச்சு அடுக்கிடுங்க.

பதில் 2: வாசல்ல ஒரு ஸ்டூல் போடுங்க தம்பி, முட்டிவலிக்காரங்க ஒத்தக்கால்ல நின்னு பக்கிள் கழட்டுறது பாவம். டாய்லெட்டுக்கு தனி சிலிப்பர், மறந்துடாதீங்க!

பதில் 3: ஆன்ட்டிக்கு முறுக்கு டப்பா முன்கூட்டியே போயிடணும் 😄

கேட்டவர்: ஸ்டூல் சூப்பர்க்கா. மாமியாருக்குத்தான் மொத சீட்டு.