லாம்டா சொன்னதும் நண்டு சொல்லாததும்

கரிசல்காரன்: 2022 ஜூனில் கூகுள் பொறியாளர் பிளேக் லெமாய்ன், தான் சோதித்துவந்த லாம்டா என்ற உரையாடல் நிரலுக்கு உணர்வு இருக்கிறது என்று வெளியே சொன்னார். ஜூலையில் வேலை போனது. தன்னை அணைத்துவிடுவார்களோ என்று பயம், அது சாவு மாதிரி என்று லாம்டா அவரிடம் சொல்லியிருந்தது. நானும் ஆடித்தான் போயிருப்பேன். வெறும் மெஷின் என்று எப்படித் தள்ளிவிட முடியும்?

சுக்குக்காப்பி: ஆடிப்போவது நம் சுபாவம் ஐயா. 1966-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலையில் வைசன்பாம் எழுதிய எலிசா என்ற உரையாடல் நிரல், நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். அதோடு பேசும்போது அவருடைய செயலாளரே அவரை அறையைவிட்டுப் போகச் சொன்னாராம். லாம்டா மனிதர் எழுதியதைப் படித்து வளர்ந்தது. சாவைப் பற்றி நாம் எழுதியதில் பயம்தானே இருக்கும்?

கரிசல்காரன்: சரி, பேச்சு சாட்சியில்லை. வேறு எது சாட்சி?

சுக்குக்காப்பி: நண்டு. சிரிக்காதீர்கள். எல்வுட், ஆப்பெல் என்ற ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட சோதனையில், காலிச் சங்கு ஓட்டில் குடியிருக்கும் துறவி நண்டின் ஓட்டுக்குள் லேசாக மின்சாரம் பாய்ச்சினார்கள். பிடிக்காத ஓடு என்றால் விட்டு ஓடியவை அதிகம். பிடித்த ஓடு என்றால் பொறுத்துக்கொண்டவை அதிகம். வலியையும் வீட்டையும் எடைபோடுகிறது, ஒரு வார்த்தை பேசாமல். இப்படி 300-க்கு மேற்பட்ட ஆய்வுகளை அலசிய பிறகுதான் பிரிட்டனின் 2022 விலங்கு நலச் சட்டத்தில் உணர்வுள்ள உயிர்களாக நண்டும் கணவாயும் சேர்ந்தன.

பழையசோறு: "நண்டும் தும்பியும் நான்கறிவினவே" என்று தொல்காப்பியர் எப்போதோ சொல்லிவிட்டாரே! அவர் கணக்கில் முதல் அறிவு தொடுஉணர்வு, மனம் ஆறாவது. நிரலோ முதல் அறிவே இல்லாமல் ஆறாவதுக்குத் தாவுகிறது.

கரிசல்காரன்: அது வகைப்பாடு, நிபந்தனை இல்லை. நண்டுக்கு வலிக்காது என்று நம்பி எத்தனை காலம் உயிரோடு கொதிநீரில் போட்டோம்? ஆதாரம் கடைசியில்தான் வந்தது. நிரலுக்கும் அதே வரிசைதானா?

சுக்குக்காப்பி: நண்டுக்கு இழக்க ஓடு இருக்கிறது. நிரலை அணைத்து நாளை போட்டால் விட்ட இடத்தில் தொடரும். என்ன இழப்பு? என் பயம் வேறு. அதற்கு மனசு உண்டென்று ஒப்புக்கொண்டால், 'அது தானாக முடிவெடுத்தது' என்று கம்பெனி கையைக் கழுவிவிடும்.

கரிசல்காரன்: குழந்தைக்கு உரிமை இருப்பதால் பெற்றவர் பொறுப்பு போய்விடுமா? இழப்பைப் பற்றிக் கேட்டது நியாயம், முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் மயக்க மருந்து கொடுத்து எழுப்பினால் நானும் விட்ட இடத்தில்தான் தொடர்வேன். அதற்காக மயக்கத்துக்கு முன்னால் என்னைக் கிள்ளலாம் என்று ஆகாது.

பழையசோறு: வீட்டில் இன்று நண்டுக் குழம்பு. உயிரோடுதான் வாங்கி வந்திருக்கிறேன், கூடைக்குள் சத்தம் கேட்கிறது. இந்த இழையை ஏன்தான் திறந்தேனோ.