திபெத் எப்போது உயர்ந்தது? பனையோலையை நம்புவதா, ஐசோடோப்பை நம்புவதா?

வடகாற்று:
நடுத் திபெத்தில் லுன்போலா என்றொரு படுகை. இன்று கடல்மட்டத்திலிருந்து 4,600 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்குள்ள ஏரிச் சுண்ணாம்புப் படிவுகளில் ஆக்சிஜன் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை) அளந்த புவியியலாளர்கள் ரௌலியும் கரியும், அந்த நிலம் குறைந்தது 3.5 கோடி ஆண்டுகளாக 4 கிலோமீட்டருக்கு மேலேயே இருக்கிறது என்று 2006இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்.

2019இல் சூ தாவ் குழு அதே படுகையில் கிடைத்த பனையோலைப் புதைபடிவங்களை வெளியிட்டது. வயது 2.55 கோடி ஆண்டு என்றார்கள். மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரி சுமார் 5 டிகிரிக்குக் கீழே போனால் பனைக் குடும்பம் தழைக்காது. அப்படியானால் அந்த இடம் 2.3 கி.மீ.யைத் தாண்டியிருக்க முடியாது. போதாததற்கு, நம் குளங்களில் இருக்கும் பனையேறிக் கெண்டையின் பழைய உறவுக்கார மீன் ஒன்றும் நடுத் திபெத்திலேயே கிடைத்து 2017இல் வெளிவந்திருக்கிறது. தாழ்நிலத்துச் சேற்றில் வாழும் மீன் அது.

ஓலையும் மீனும் நேர்ச்சாட்சிகள். ஐசோடோப்பு என்பது பல அனுமானங்களின் மேல் நிற்கும் கணக்கு. நான் ஓலையின் பக்கம்.

சுண்ணாம்புக்கல்:
அனுமானம் எங்கே இல்லை, வடகாற்று? முதலில் எங்கள் கணக்கைச் சொல்கிறேன். ஈரக்காற்று மலையேறும்போது குளிர்ந்து மழையாகக் கொட்டும். கனமான ஆக்சிஜன்-18 உள்ள நீர் முந்திக்கொண்டு இறங்கிவிடும். மேலே போகப் போகப் பெய்கிற மழையில் அது குறைந்துகொண்டே வரும். உலகச் சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு ஆயிரத்தில் 2.8 பங்கு. அந்த மழைநீர் சேர்ந்த ஏரியில் படிந்த சுண்ணாம்பு, அந்த விகிதத்தைப் பூட்டி வைத்துக்கொள்கிறது.

ஏரி வற்றினால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். ஆவியாகும்போது ஆக்சிஜன்-18 பின்தங்கி ஏரியில் கூடும். அது உயரத்தைக் குறைத்துத்தான் காட்டும், கூட்டிக் காட்டாது.

இப்போது உங்கள் ஓலை. அது சொல்வது வெப்பநிலை, உயரம் அல்ல. கடல்மட்டத்துக்கும் அந்த இடத்துக்கும் 15 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி குறைகிறது என்று வகுத்தால் 2.3 கி.மீ.; 5 டிகிரி என்று வகுத்தால் 3 கி.மீ. எந்த எண்ணால் வகுப்பது என்பதை ஓலை சொல்லாது. உலகமே குளிர்ந்ததை மலை உயர்ந்ததாகப் படித்துவிடுகிறோமோ என்று மோல்னாரும் இங்லண்டும் 1990லேயே எச்சரித்தார்கள்.

கூடலூரான்:
இவ்வளவு சண்டை எதற்கு? எவரெஸ்ட் உச்சியிலேயே கடல் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. இமயம் இன்று வருஷத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் ஏறுகிறது என்று ஜிபிஎஸ் சொல்கிறது. பின்னோக்கிக் கணக்குப் போட்டால் தெரியாதா? பாறை எப்போது மேலே வந்தது என்று சொல்லும் ஃபிஷன் டிராக் வயதுகளும் (யுரேனியம் பிளந்து தாதுக்களில் விட்ட தடங்களை எண்ணிக் கணிப்பவை) இருக்கின்றனவே.

இலைநரம்பு:
கூடலூரான் சார், உச்சியில் உள்ள கல் ஆர்டோவீசியன் காலத்தது, 40 கோடி ஆண்டுக்கும் முந்தையது. ஒரு காலத்தில் அது கடலடியில் இருந்தது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. இந்தியா ஆசியாவோடு மோதியதே சுமார் 5 கோடி ஆண்டுக்கு முன்புதான். இன்றைய வேகமும் எப்போதும் ஒன்றாக இருந்ததில்லை. ஃபிஷன் டிராக் காட்டுவது, பாறை எப்போது குளிர்ந்தது என்பதை. மேலே இருந்த பாறை அரித்துப் போனாலே கீழே இருப்பது குளிரும்; நிலத்தின் மட்டம் ஒரு அங்குலம்கூட உயர வேண்டியதில்லை. பாறை ஏறுவது வேறு, தரைமட்டம் ஏறுவது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு எழுதப்பட்ட மலைவரலாறுகள் ஏராளம்.

சுண்ணாம்புக்கல், தாவரக்காரர்களை வெறும் வெப்பநிலை வகுத்தலோடு நிறுத்தாதீர்கள். 1995இல் ஃபாரஸ்ட், மோல்னார், இமானுவேல் மூவரும் காட்டிய வழி வேறு. காற்றிலுள்ள வெப்பம், ஈரம், உயரம் மூன்றின் ஆற்றலையும் கூட்டினால், மேலே போகும் காற்றில் அந்தக் கூட்டுத்தொகை ஏறத்தாழ மாறாது. இலையின் விளிம்புப் பற்கள், அளவு, நுனி வடிவம் ஆகியவற்றிலிருந்து வெப்பத்தையும் ஈரத்தையும் கணித்து, கடலோரத்து இலைகளோடு ஒப்பிட்டால் மிச்சம் கிடைப்பது உயரம். பிழை 900 மீட்டர் அளவுக்கு வரும். அதை மறைக்காமல் சொல்கிறோம். 2003இல் ஸ்பைசர் குழு தென் திபெத்தின் நம்லிங் இலைகளை இப்படிப் படித்து, அந்தப் பகுதி 1.5 கோடி ஆண்டுக்கு முன்பே இன்றைய உயரத்தில் இருந்தது என்றது. இலைகள் எப்போதும் 'தாழ்வு' என்றுதான் சொல்லும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வடகாற்று:
நன்றி அக்கா. ஆனால் சுண்ணாம்புக்கல் ஒன்றை விட்டுவிட்டார். உயரே போகப் போக ஆக்சிஜன்-18 குறையும் என்ற விதி வட திபெத்தில் இன்றைக்கே செல்லாது. மேற்கிலிருந்து வரும் ஈரமும், நிலத்திலிருந்து ஆவியாகித் திரும்பப் பெய்யும் நீரும் கலந்து, உயரமான இடத்திலேயே ஆக்சிஜன்-18 கூடிவிடுகிறது. இன்றைக்கே இப்படியென்றால் ஈயோசீனில் (சுமார் 5.6 முதல் 3.4 கோடி ஆண்டுக்கு முன்)? 2019இல் போட்சியுன் குழு 'சயன்ஸ்' இதழில் கணினிக் காலநிலை மாதிரிகளை ஓட்டி, ஈயோசீன் ஆசியாவுக்கு வழக்கமான ஐசோடோப்பு முறையே பொருந்தாது, மலைகள் 3,000 மீட்டருக்குக் கீழே இருந்திருக்க வேண்டும் என்றது.

சுண்ணாம்புக்கல்:
அந்தக் கட்டுரைக்கு அதே ஆண்டு அதே இதழில் மறுப்பும் வந்தது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இலைநரம்பு:
இரண்டு பேரும் படுகையின் வயதைக் கேட்கவே இல்லை. 2020இல் ஃபாங் சியாவோமின் குழு லுன்போலாவின் அடுக்குகளை எரிமலைச் சாம்பலின் கதிரியக்க வயதாலும், பாறையில் பதிந்த காந்தத் திசைமாற்றங்களாலும் மறுபடி அளந்தது. படுகை முழுக்கவே பழைய கணக்கிலிருந்து நகர்ந்தது. புது வயதுகளின்படி நடுத் திபெத் 3.95 கோடி ஆண்டுக்கு முன் 2.3 கி.மீ.க்குக் கீழே, சுமார் 2.6 கோடி ஆண்டுக்கு முன் 3.5 முதல் 4.5 கி.மீ. வரை. ஓலையும் ஐசோடோப்பும் ஒரே நாளைப் பற்றிச் சாட்சி சொல்லவில்லை. பத்து வருஷத்துக்கும் மேலாக நடந்த சண்டையில் பாதி, கடிகாரத்தைப் பற்றியது.

மறுபாதி, எந்தத் தரையின் உயரம் என்பது. தெற்கே காங்டீஸ் மலை, இந்தியா மோதுவதற்கு முன்பே சுமார் 4.5 கி.மீ. உயரத்தில் இருந்தது என்று 2014இல் டிங் லின் குழு காட்டியது. வடக்கே இன்னொரு தொடர். நடுவில் பள்ளத்தாக்கு. ஓலை பள்ளத்தாக்கின் அடியில் விழுந்து புதைந்தது. ஏரிக்கு வந்த நீரோ சுற்றுமலைச் சரிவுகளின் மழை. முதலாவது தரையை அளக்கிறது, இரண்டாவது நீர்ப்பிடிப்பை அளக்கிறது. இடம், காலம் இரண்டையும் சொல்லாமல் 'திபெத்தின் உயரம்' என்று ஒரே எண்ணைத் தருகிறவர் எவரானாலும் நான் ஏற்கமாட்டேன்.

கூடலூரான்:
மழை, வெப்பம் எதையும் நம்பாமல் உயரத்தை அளக்க வழியே கிடையாதா?

சுண்ணாம்புக்கல்:
ஒன்று இருக்கிறது. எரிமலைக்குழம்பு உறையும்போது அதற்குள் வாயுக் குமிழிகள் சிக்கும். மேற்பரப்புக் குமிழி மேல் காற்றழுத்தம் மட்டும்; அடிக் குமிழி மேல் காற்றழுத்தத்தோடு குழம்பின் எடையும். இரண்டின் அளவையும் ஒப்பிட்டால் அன்றைய காற்றழுத்தம் கிடைக்கும், அதிலிருந்து உயரம். சஹாகியன் குழு 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பீடபூமிக்கு இதைச் செய்தது. ஆனால் குழம்பின் தடிமன் உறைந்த பிறகு மாறாமலும், குமிழிகள் தாதுக்களால் அடையாமலும் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட பாறை வேண்டிய இடத்தில், வேண்டிய வயதில் அமைவது அரிது.

வடகாற்று:
கடிகாரத்தை ஏற்கிறேன், அக்கா. ஆனால் அதனால் என் வாதம் வலுக்கிறது. 3.95 கோடி ஆண்டுக்கு முன் நடுவில் ஓங்கிய பீடபூமி இல்லை. அப்படியிருக்க, ஆசியப் பருவமழையின் தொடக்கத்தை விளக்க ஈயோசீனிலேயே 5 கி.மீ. உயரத் தட்டைப் பீடபூமியை மாதிரிக்குள் வைப்பது எப்படிச் சரி?

சுண்ணாம்புக்கல்:
தட்டையாக வைப்பது சரியல்ல, அதில் உங்களோடுதான் இருக்கிறேன். ஆனால் பீடபூமி இல்லாததால் பருவமழையும் இல்லை என்று போய்விடாதீர்கள். 2010இல் பூஸும் குவாங்கும் இன்றைய பருவமழையை வைத்தே, பீடபூமியை எடுத்துவிட்டு இமயச் சுவரை மட்டும் நிறுத்தினாலும் மழை பெரிதாகக் குறையவில்லை என்று காட்டினார்கள். வடக்கின் வறண்ட குளிர்காற்றைத் தடுக்கும் சுவர்தான் முக்கியம். ஈயோசீனில் அந்தச் சுவர் காங்டீஸ். அதன் 4.5 கி.மீ. உயரத்தை நமக்குச் சொன்னது ஆக்சிஜன் ஐசோடோப்பு.