ஐவசோவ்ஸ்கி கடலைப் பார்த்து வரைந்தாரா, நினைவிலிருந்து வரைந்தாரா?

புதுத்தூரிகை:
வாட்டர்கலரை விட்டு இப்போதுதான் ஆயிலுக்கு வந்திருக்கிறேன். கடல் வரையணும். ரஷ்யக் கடல் ஓவியர் ஐவசோவ்ஸ்கியின் ‘ஒன்பதாம் அலை’ படத்தில் (1850) முகட்டுக்குள் புகுந்து பச்சையாக ஒரு வெளிச்சம் வருதே, அது எப்படி? நான் வரைந்தால் அலை பெயின்ட் அடித்த சுவர் மாதிரி நிற்கிறது. அவர் கடலை எதிரில் வைத்து வரையவே மாட்டார் என்கிறார்களே, நிஜமா?

லின்சீட்:
நிஜம்தான். கரையில் பென்சிலில் கோடு போட்டுக்கொள்வார். கேன்வாஸ் வேலையெல்லாம் ஸ்டுடியோவில். மின்னலையும் அலைத் தெறிப்பையும் நேரில் பார்த்து வரையவே முடியாது என்பது அவர் கட்சி.

வெளிச்சத்துக்கு: முகட்டின் மெல்லிய இடத்தில் முதலில் வெளிர் நிறம் போடுங்கள். நன்றாகக் காயட்டும். அதன்மேல் பச்சையை எண்ணெயில் இளக்கி, கண்ணாடி போல மெல்லிசாக ஒரு கிளேஸ். பச்சையிலேயே வெள்ளையைக் குழைத்து அடித்தால் ஒளி செத்துவிடும்.

மேல்தளம்:
சரக்குக் கப்பலில் காலம் தள்ளியவன் நான். பெயின்ட் பற்றித் தெரிந்ததெல்லாம் துரு சுரண்டி டெக்கில் அடிப்பதுதான். ஆனாலும் சொல்கிறேன்.

கப்பல் பீட்டர்ஸ்பர்க்கில் நின்றபோது ரஷ்ய அருங்காட்சியகத்தில் அந்தப் படத்தைப் பார்த்தேன். 3.3 மீட்டர் அகலம். முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. தம்பி, அது நடுக்கடல் அலையே இல்லை! முகடு அப்படிச் சுருண்டு கவிழ்வது ஆழம் குறையும் கரையோரத்தில். நடுக்கடல் புயலில் முகடு உடைந்து நுரை வழியும், காற்று அதைக் கோடு கோடாக இழுத்துக்கொண்டு போகும்.

கடல் தெரியாத ஆளும் இல்லை அவர். கிரிமியாவில் ஃபியோடோசியா துறைமுகத்தில் 1817இல் பிறந்த ஆர்மீனியர். மாணவனாக இருக்கும்போதே, 1836இல், பால்டிக் கடற்படையோடு போனவர். 1844இல் கடற்படைத் தலைமையகத்துக்கே ஓவியர். தெரிந்தேதான் கரை அலையைத் தூக்கி நடுக்கடலில் வைத்திருக்கிறார் என்பது என் கணிப்பு.

மற்றதெல்லாம் அச்சு அசல். ராத்திரிப் புயல் ஓய்ந்து விடியும்போது காற்று அடங்கியிருக்கும், அலை அடங்கியிருக்காது. சாரல் புகைமூட்டமாக நிற்கும். சூரியன் அலைக்குப் பின்னால் தாழ்வாக இருப்பதால்தான் முகடு பச்சையாக எரிகிறது. உச்சி வெயிலில் தலைகீழாக நின்றாலும் அந்த நிறம் கிடைக்காது. நீ எந்த ஊர்?

புதுத்தூரிகை:
சென்னைதான் அண்ணே. மெரினா பக்கம்.

மேல்தளம்:
பிறகென்ன, கிழக்குப் பார்த்த கரை. விடிகிற நேரத்தில் போய் நில். அலைக்குப் பின்னால்தான் சூரியன் எழும்பும். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போ.

லின்சீட்:
போன் விஷயத்தில் மேல்தளம் சார் கட்சிதான் நானும்.

ஒன்று மட்டும். ‘ஒன்பதாம் அலை’யைக் காப்பி அடித்துப் பழகாதீர்கள், அந்த ஆரஞ்சு வானம் ஆளைக் கெடுத்துவிடும். சுமார் 6,000 படம் வரைந்த மனிதர். அஸ்தமனப் படங்களில் பாதி எனக்கு அலுப்பு. எண்பது வயதில், 1898இல் வரைந்த ‘அலைகளுக்கு நடுவே’ படத்தைத் தேடிப் பாருங்கள். கப்பல் கிடையாது, கரை கிடையாது. சாம்பல், நீலம், பச்சை, மேகத்திலிருந்து இறங்கும் ஒரு கீற்று, அவ்வளவுதான். அதில் உள்ளங்கை அளவு மூலையை எடுத்துக்கொண்டு நுரை வலையை மட்டும் போட்டுப் பாருங்கள். காய்ந்ததும் இங்கே படம் போடுங்கள்.