1986 கல்லூரி ராக் கேசட்: சுத்தம் செய்துவிட்டேன், ஏற்றலாமா?

பெரம்பூர்_கேசட்

நண்பர்களே, போன மாதம் பெரியமாமா வீட்டுப் பரணைக் காலி செய்தபோது ஒரு மெல்ட்ராக் சி-60, அறுபது நிமிட கேசட், கிடைத்தது. மேலே பேனாவில் "காலேஜ் ஃபெஸ்ட் 1986", அவ்வளவுதான். மாமா தன் நேஷனல் பானசோனிக் டூ-இன்-ஒன்னைத் தோளில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் நின்று பதிவு செய்தது. மேடையில் மெட்ராஸ் பையன்கள். டீப் பர்பிள், ஸ்டோன்ஸ், நீல் யங் என்று ஏ சைடு முழுக்க, பி சைடில் பாதி. பேண்டின் பெயர் மாமாவுக்கே நினைவில்லை.

நாடாவில் பூஞ்சை பூத்திருந்தது. துடைத்து, ரிச்சி ஸ்ட்ரீட்டில் டெக்குக்குப் புது பெல்ட் வாங்கிப் போட்டு, ஹெட்டின் கோணத்தை இந்த நாடாவுக்கு ஏற்பத் திருப்பி, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். பேட்டரி இறங்க இறங்க மாமாவின் மெஷின் மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால் இப்போது சரியான வேகத்தில் ஓட்டினால் பாட்டு போகப் போக சுருதி ஏறுகிறது. இதைச் சரிசெய்ய மேடை ஆம்பிளிஃபயரில் கரண்டால் வரும் முனகலை, அதாவது ஹம்மை, அளவுகோலாக வைத்துக்கொண்டேன். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அந்தச் சின்ன மைக் 50-ஐப் பிடிக்காது என்பதால் அதன் இரண்டு மடங்காக 100-இல் வருவதைப் பின்தொடர்ந்து, முழு நாடாவையும் 50-க்கு நேராக்கினேன்.

அப்புறம் மென்பொருளால் குரல், டிரம்ஸ், கிடார் என்று பிரித்து, கூட்டத்தின் சத்தத்தை இறக்கி, டிரம்ஸைத் தாளத்தில் உட்காரவைத்து மறுபடி கலந்தேன். ஏ சைடில் 22-ஆவது நிமிடத்தில் 40 விநாடி வீணாகிப் போயிருந்தது, வெட்டிவிட்டேன். லிங்க் இங்கே இருப்பவர்களுக்கு மட்டும். ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்குமாக ஏற்றலாம் என்றிருக்கிறேன்.

இரைச்சல்பிரியன்

கேட்டேன் தம்பி. கூட்டத்தைக் காணோமே? நான் அந்த வயசில் போன நிகழ்ச்சிகளில் பாட்டு பாதி, கூட்டம் பாதி. உன் ஃபைலில் ஐந்து பையன்கள் பூட்டிய கல்யாண மண்டபத்தில் வாசிக்கிறார்கள். பூஞ்சையைத் துடைத்தாய், சந்தோஷம். கூட்டத்தையும் ஏன் துடைத்தாய்?

பெரம்பூர்_கேசட்

சார், பீட்டில்ஸ் ஹாலிவுட் பவுலில் 1964, 65-இல் வாசித்ததை 1977-இல் எல்பியாகப் போட்டார்கள். பாட்டைவிடக் கூச்சல்தான் கேட்டது. 2016-இல் அதே கச்சேரிகளை எடுத்து, கூச்சலைப் பிரித்து இறக்கி, மறுபடி வெளியிட்டபோது உலகமே பாராட்டியது. கம்பெனி செய்தால் கலை, பெரம்பூர்க்காரன் செய்தால் குற்றமா?

கம்பெனியின் காது எப்படிப்பட்டது என்பதற்கு மெட்டாலிகா போதும். 1988 ஆல்பத்தில் பேஸ் கிடார் இருக்கிறதா என்று தேட வேண்டும். அதைத் தூக்கிக் கலந்து ரசிகர்கள் எத்தனை பதிப்பு போட்டிருக்கிறார்கள்! 2008-இல் வந்த டெத் மேக்னெட்டிக் சிடியில் சத்தத்தை ஏற்றி ஏற்றி அலையின் தலையே வெட்டுப்பட்டுப் போனது. அதே பாட்டுகள் கிடார் ஹீரோ வீடியோ கேமில் நெரிசல் இல்லாமல் கேட்டதால், கேமிலிருந்து எடுத்துக் கலந்த ரசிகர் பதிப்பை இன்றைக்கும் தேடிக் கேட்கிறார்கள்.

பி_சைடு

சாலிகிராமத்தில் டப்பிங் ஸ்டூடியோவில் வேலை பார்க்கிறேன், ஆகவே இரண்டு பேரையும் திட்ட எனக்கு உரிமை உண்டு.

பெரம்பூர், நீங்கள் சொன்ன ஹாலிவுட் பவுல் மூன்று டிராக் டேப். உங்களிடம் இருப்பது ஒரே ஒரு மைக்கில், அதுவும் ஒருவர் தோளிலிருந்து எடுத்த மோனோ. அதைப் பிரிக்கச் சொன்னால் மென்பொருள் ஊகித்துத்தான் பிரிக்கும். சிம்பல் விழும் இடங்களைக் கேளுங்கள், தண்ணீருக்குள் தலையை அமுக்கிக்கொண்டு கேட்பது போல் இருக்கும். யூடியூபில் ராஜா பாட்டுக்கு பேஸை ஏற்றிவிட்டு "ஒரிஜினல் 5.1" என்று போடுகிறவர்களுக்கும் உங்களுக்கும் வித்தியாசம் வேண்டாமா?

இரைச்சல்பிரியன் சார், நாடாவின் உஸ்ஸென்ற சத்தம் கூட்டம் போட்ட சத்தம் அல்ல. அது போவதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

இன்னொன்று. 22-ஆவது நிமிட வெட்டுக்கு அப்புறம் எல்லாமே கிட்டத்தட்ட அரைக்கட்டை இறங்கிப் போயிருக்கிறது. கிடார், பேஸ், பாடகர், எல்லாரும் சேர்ந்தே இறங்கியிருக்கிறார்கள். 40 விநாடியில் மூன்று பேர் ஸ்ருதி மாற்ற முடியாது. அந்த 40 விநாடியில் என்ன இருந்தது?

சட்டம்_ஒழுங்கு

பாரிமுனையில் வக்கீலாகப் பிழைப்பு நடத்துபவன் என்ற முறையில் இரண்டு வரி. 1957 காப்புரிமைச் சட்டப்படி பாட்டு எழுதியவரின் உரிமை, வாழ்நாளும் அதற்குமேல் 60 வருடமும். நீல் யங் இன்னும் கச்சேரி செய்துகொண்டிருக்கிறார். மேடையில் வாசித்தவருக்கான நிகழ்த்துநர் உரிமை நம் சட்டத்தில் 1994 திருத்தத்தில்தான் நுழைந்தது, இப்போது அதன் ஆயுள் 50 வருடம். 1986 மேடை அதற்குள் வருமா என்று கேட்டால் நான் ஒன்று சொல்வேன், எதிர்க்கட்சி வக்கீல் வேறு சொல்வார். "பழசுதானே" என்பது வாதமே இல்லை.

ஸ்டேஜ்_இடதுபக்கம்

நான் அந்த பேண்டில் இல்லை. ஆனால் அதே வருடங்களில் இதே ஊரில் கிடாரைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறியவன். கடன் வாங்கிய ஆம்ப், ஜெராக்ஸ் எடுத்த லிரிக்ஸ், மறுநாள் காலை செமஸ்டர் பரீட்சை. தப்பும் தவறுமாக வாசித்தோம், எங்களோடு போகட்டும் என்று விட்டோம். மாமா எங்களிடம் கேட்டா பதிவு செய்தார்? இப்போது மருமகன் டிரம்ஸை வேறு தாளத்தில் "உட்காரவைத்து" ஊருக்கே கொடுக்கப் போகிறார். அந்த டிரம்மர் எங்கேயோ உயிரோடு இருப்பார் என்று ஒரு நிமிடமாவது தோன்றியதா?

பெரம்பூர்_கேசட்

சார், கோபம் புரிகிறது. ஆனால் கேட்டுக் கேட்டுத்தான் பதிவு செய்திருக்க வேண்டும் என்றால் ராக் வரலாற்றில் பாதி இருக்காது. சக்கர நாற்காலியில் மெஷினை ஒளித்துக்கொண்டு போவதற்குப் பேர்போன மைக் மில்லார்ட் என்பவர், 1975 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸில் பிங்க் ஃபிளாய்டைப் பதிவு செய்தார். யாரிடமும் கேட்கவில்லை. 2025 டிசம்பரில் அதே பதிவு, ஸ்டீவன் வில்சன் சீர்செய்து, பிங்க் ஃபிளாய்டின் சொந்த வெளியீட்டிலேயே வந்துவிட்டது. கிரேட்ஃபுல் டெட் 1984-இல் பதிவு செய்கிறவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கினார்கள். காசுக்கு விற்காதே என்பதுதான் நிபந்தனை. நானும் ஒரு பைசா வாங்கப் போவதில்லை.

ஸ்டேஜ்_இடதுபக்கம்

ஒதுக்கியது யார்? பேண்ட். நீங்கள் சொன்ன உதாரணத்திலேயே பதில் இருக்கிறது. அதே கிரேட்ஃபுல் டெட், 2005-இல் இணையக் காப்பகத்திலிருந்து தங்கள் சவுண்ட்போர்டு பதிவுகளை, அதாவது மேடை மிக்சரிலிருந்து நேராக எடுத்தவற்றை, தரவிறக்க முடியாமல் செய்தார்கள், தெரியுமா? ரசிகர்கள் சண்டை போட்டார்கள் என்பது வேறு கதை. கொடுத்தவர்களும் அவர்கள்தான், பிடித்து வைத்தவர்களும் அவர்கள்தான்.

ஈபி_ரிட்டையர்டு

நான் பாட்டு கேட்பது ராத்திரியில், கருத்து சொல்வது அபூர்வம். ஆனால் "நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ்" என்று படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. தம்பி, எந்த வருஷத்துக் கரண்ட்?

எண்பதுகளில் மாலைப் பீக் நேரத்தில் தென் மண்டல கிரிட், அதாவது மின்தொகுப்பு, 50-இல் நின்றால் நாங்களே ஆச்சரியப்படுவோம். தேவை அதிகம், உற்பத்தி குறைவு. 48.5 எல்லாம் சர்வசாதாரணம். 2003-இல் பிரீக்வென்சியைப் பொறுத்து விலை மாறும் ஏபிடி முறை வந்த பிறகுதான் ஒழுங்குக்கு வந்தது. அதிலும் நிமிஷத்துக்கு நிமிஷம் ஆடிக்கொண்டே இருக்கும். நீ ஹம்மை நேராக்கியபோது அந்த ஆட்டத்தைத் திருப்பிப் பாட்டின் தலையில் ஏற்றிவிட்டாய்.

இரண்டு விஷயம் சொல். நேராக்குவதற்கு முந்தைய ஃபைலில், வெட்டுக்கு முன்னும் பின்னும் ஹம் எவ்வளவு? வெட்டிய துண்டில் என்ன கேட்கிறது?

பெரம்பூர்_கேசட்

ஆரம்பத்தில் 50.0. மெல்ல ஏறி, வெட்டுக்கு முன் 50.6. வெட்டுக்குப் பின் ஒரே தாவலில் 53.1. பேட்டரி திடீரென்று படுத்துவிட்டது என்று நினைத்தேன்.

அந்த 40 விநாடியில் பாட்டு பாதியில் நின்றுவிடுகிறது. "டேய், கரண்டு!" என்று ஒருத்தர் மைக்குக்குப் பக்கத்திலேயே கத்துகிறார். கூட்டம் விசிலடிக்கிறது, அப்புறம் எல்லாரும் கை தட்டிக்கொண்டு கோரஸைத் தாங்களே பாடுகிறார்கள். கடைசியில் எங்கேயோ டக டக டக என்று ஒரு சத்தம். பேண்ட் வாசிக்கவில்லை என்பதால் வெட்டினேன்.

இரைச்சல்பிரியன்

அடப்பாவி. அந்த நாடாவிலேயே நல்ல இடம் அதுதானே!

ஈபி_ரிட்டையர்டு

டக டக என்பது டீசல் ஜெனரேட்டர். கிரிட் ரொம்ப இறங்கினால் ரிலே தானாக ஃபீடரை, அதாவது அந்தப் பகுதிக்குப் போகும் லைனை, தட்டிவிடும், அதுதான் அந்தக் கரண்ட் கட். அதற்கு முன்னால் நீ கேட்ட ஹம் கிரிட்டுடையது, பின்னால் கேட்டது ஜெனரேட்டருடையது. சுமை கொஞ்சமாக இருந்தால் ஜெனரேட்டர் 50-க்கு மேலேயே ஓடும். இரண்டு வெவ்வேறு கரண்டை ஒரே அளவுகோல் என்று நம்பி நேராக்கியிருக்கிறாய். பேட்டரி அப்படித் தாவாது தம்பி, அது மெல்லத்தான் சாகும்.

பி_சைடு

சார், உங்களுக்கு ஒரு கும்பிடு. இதைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. வெட்டுக்கு முன்னால் ஹார்ட் ஆஃப் கோல்ட் வாசிக்கிறார்கள். நீல் யங் அதில் ஊதுவது ஜி சுருதி ஹார்மோனிகா. இவர்களும் அதையேதான் ஊதியிருக்க வேண்டும். கிடாரை யாரும் எப்படியும் இறக்கி ஏற்றலாம், ஹார்மோனிகாவின் பித்தளை நாக்கை மேடையில் திருக முடியாது. பெரம்பூரின் ஃபைலில் அது ஜி-க்கும் ஜி-ஷார்ப்புக்கும் நட்டநடுவில் நிற்கிறது. கல்லூரிப் பையன் ஜி-ஷார்ப் ஹார்மோனிகா வைத்திருக்க வாய்ப்பே இல்லை. ஆக, முதல் பகுதி கால் கட்டை உயரம், அதாவது 3 சதவீதம் வேகம். 50-லிருந்து 3 சதவீதம் இறக்கினால்?

ஈபி_ரிட்டையர்டு

48.5. நான் சொன்னேனா இல்லையா!

மீதியையும் போட்டுவிடுகிறேன். கரண்ட் போகும்போது உன் டெக்கில் 50.6 காட்டியது உண்மையில் 48.5 என்றால், அந்த நேரத்தில் பாட்டு 4.3 சதவீதம் வேகம். மெஷின் நிற்காமல் ஓடியதால் வெட்டுக்குப் பின்னும் அதே கணக்குதான். 53.1-ஐ அதால் வகுத்தால் 50.9, அதுதான் ஜெனரேட்டர். அதையும் 50-க்கு இழுத்ததால் உன் இரண்டாம் பாதி தாழ்ந்துபோனது, முதல் பாதி உயர்ந்தே நின்றது. முன்னாலும் பின்னாலும் தனித்தனி அளவுகோல் வை.

பெரம்பூர்_கேசட்

மூன்று வாரம் செய்த வேலை. சரி, ஒப்புக்கொள்கிறேன். மறுபடி முதலிலிருந்து.

புது ஏற்பாடு இது. முதலில் நாடாவிலிருந்து எடுத்த ஃபைல், கை வைக்காமல், தரம் குறையாத ஃபிளாக் வடிவில். எந்த கேசட், எந்த மெஷின், எந்த டெக் என்று வம்சாவளி தனித் தாளில். இரண்டாவது, வேகம் மட்டும் திருத்தியது, 40 விநாடியும் உள்ளே. பிரித்துக் கலந்த பதிப்பை நான் மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை, மன்னிக்கவும். முதல் இரண்டையும் இப்போதே பழைய லிங்க்கில் போட்டுவிட்டேன்.

மாமாவிடம் அந்தத் துண்டைப் போட்டுக்காட்டி, கத்தியது யார் என்று கேட்டேன். முறைத்துவிட்டு, "மைக் யார் தோள்லடா இருந்துச்சு?" என்றார்.

சட்டம்_ஒழுங்கு

சாட்சி கிடைத்துவிட்டார். அனுமதி மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.

பெரம்பூர்_கேசட்

பேண்டின் பெயரே தெரியாமல் யாரிடம் போய்க் கேட்பது? ஏற்றினால்தான் யாராவது அடையாளம் கண்டு வருவார்கள். வந்து வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன்.

ஸ்டேஜ்_இடதுபக்கம்

முதலில் செய்துவிட்டு அப்புறம் மன்னிப்புக் கேட்பதற்குப் பெயர் அனுமதி இல்லை. ஆனால் உங்கள் கை படாத ஃபைலை இப்போதுதான் கேட்டேன். இரண்டாவது பாட்டில் டிரம் ரோலை ஒரு மயிரிழை தாமதமாகக் கொண்டுவந்து முடிக்கிறார், மூன்றாவதிலும் அப்படியே. முந்தைய பதிப்பில் அதைத் தாளத்தில் உட்காரவைத்துவிட்டதால் எனக்குப் பிடிபடவில்லை. ஒவ்வொரு ரிகர்சலிலும் அதற்காகத் திட்டு வாங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். ஊரில்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஏற்ற வேண்டாம், ஒரு வாரம் கொடுங்கள், கேட்டுச் சொல்கிறேன்.