கையால் வரைந்த கடலும் கணினிக் கடலும்

கரையோரம் எழுதியது:

வணக்கம். சென்ற வாரம் என் பத்து வயது மகளுடன் அடுத்தடுத்த நாள்களில் இரண்டு படங்களைப் பார்த்தேன். ஒன்று ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின், கையால் வரைந்த ‘போன்யோ’ (2008). மற்றொன்று டிஸ்னி கணினியில் உருவாக்கிய ‘மோனா’ (2016). இரண்டிலும் கடலே ஒரு பாத்திரம். மோனாவின் கடலில் ஒளி ஊடுருவி அடிமணல் தெரிவதும், நுரை கரையில் கலைவதும் நான் வளர்ந்த ஊரின் கடற்கரையை நினைவூட்டும் அளவுக்குத் துல்லியமாக இருந்தன. போன்யோவிலோ, கதையில் வரும் சிறுவனின் தாய் லீசா மலையோரச் சாலையில் காரை விரட்டும்போது துரத்தி வரும் அலைகள் கண்களுள்ள கருநீல மீன்களாகவே வரையப்பட்டிருக்கின்றன. அவற்றின் முதுகின் மேல், மீனாயிருந்து சிறுமியான போன்யோ ஓடி வருகிறாள். தண்ணீர் அப்படி இருக்காது என்பது எவருக்கும் தெரியும். ஆயினும் மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டது அந்த அலையைப் பார்த்துத்தான். மோனாவின் கடலை “அழகாக இருக்கிறது” என்று சொல்லிவிட்டு முறுக்குத் தட்டை அருகில் இழுத்துக்கொண்டாள்.

கையால் வரைவதில் உள்ள ஏதோ ஒன்று கணினிக்கு எட்டவில்லையா, அல்லது பழைய முறையின் மீது எனக்குள்ள பாசத்தை மகளின் மேல் ஏற்றிப் பார்க்கிறேனா? இத்துறையை அறிந்தவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

பென்சில்முனை எழுதியது:

நான் சென்னையில் சில ஆண்டுகள் இடைப்படங்கள் வரைந்தவன். அதாவது மூத்த ஓவியர் வரைந்து தரும் முதன்மை அசைவுகளுக்கு நடுவே வரவேண்டிய படங்களை நிரப்பிக் கொடுப்பது என் வேலை. அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசையில், துளையிட்ட தாள்களை முளைகளில் மாட்டி, நான்கைந்து தாள்களை விரல்களுக்கு இடையே செருகிப் புரட்டிப் புரட்டித்தான் அசைவு சரியா என்று பார்ப்போம். ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்தாலும் நொடிக்குப் பன்னிரண்டு படங்கள் வேண்டும்.

முகத்தை வரைவதற்கு முன்மாதிரித் தாள் உண்டு. கண் எங்கே, மூக்கு எவ்வளவு என்று அதைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். தண்ணீருக்கு அப்படி எதுவும் கிடையாது. நுரையின் ஒரு விளிம்பு அடுத்த தாளில் எங்கே போகவேண்டும் என்பதை வரைபவர்தான் முடிவு செய்ய வேண்டும். எனவே கையால் வரைந்த அலை என்பது தண்ணீரின் பதிவு அன்று. தண்ணீரைப் பற்றி ஒருவர் கொண்ட கருத்து. அலை தன்னைத் துரத்துகிறது என்று ஒரு குழந்தைக்குத் தோன்றினால், அதற்குக் கண் வைத்துவிடலாம், யாரையும் கேட்கவேண்டியதில்லை. போன்யோவின் சுமார் 1,70,000 படங்களில் கடலையும் அலைகளையும் வரைவதில் மியாசாகி தாமே ஈடுபட்டார் என்பதை இதனோடு சேர்த்துப் பாருங்கள். உங்கள் மகள் பயந்தது தண்ணீரைப் பார்த்து அன்று, அந்தக் கருத்தைப் பார்த்து.

சிமுலேஷன்காரன் எழுதியது:

பென்சில்முனை அவர்கள் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். மீதிப் பாதியில், கணினியில் வேலை செய்பவர்கள் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்கிறார்கள் என்ற பழைய எண்ணம் ஒளிந்திருக்கிறது.

நான் காட்சி விளைவுகள் துறையில் நீர் சிமுலேஷன், அதாவது தண்ணீரின் அசைவைக் கணினியில் கணக்கிட்டு உருவாக்கும் வேலை, செய்கிறேன். திரவ ஓட்டத்தின் சமன்பாடுகளைக் கணினி தீர்க்கிறது என்பது உண்மை. ஆனால் அது தீர்த்துத் தரும் அலை இயக்குநர் கேட்ட அலையாக ஒருபோதும் இருப்பதில்லை. ஒருமுறை இரண்டு நொடிக் காட்சிக்காக இரவு முழுவதும் கணக்கீட்டை ஓடவிட்டுக் காலையில் வந்து பார்த்தால், அலை வெகு அழகாக, நாயகன் நிற்காத பக்கத்தில் உடைந்து கிடந்தது. அதைத் திருப்ப, கண்ணுக்குத் தெரியாத சுவர்களையும் விசைகளையும் தண்ணீருக்குள் நட்டு, ஒரு வாரம் மன்றாடினேன். எங்களால் ஒரு துளியைப் பிடித்து நகர்த்த முடியாது. தண்ணீரை இணங்கவைக்கத்தான் முடியும். குறை அங்கேதான் இருக்கிறது என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன்.

துல்லியம் தானாகவே நல்லது என்று கணினிக்காரர்களும் நினைப்பதில்லை. ‘ஃபைண்டிங் நீமோ’ (2003) குழுவினர் உண்மையான கடலடிப் படப்பதிவைக் கணினியில் அப்படியே உருவாக்கிப் பார்த்தார்கள். எது அசல், எது கணினி என்று பிரிக்க முடியாத அளவுக்கு அது வந்துவிட்டது. அதன் பிறகே, கார்ட்டூன் மீன்கள் அந்த நீரில் பொருந்தும்படி அதன் இயல்புத்தன்மையைக் குறைத்தார்கள்.

அப்புறம், போன்யோ முழுக்கக் கைவேலை என்பதும் சரியன்று. கோடுகள் பென்சிலில் வரையப்பட்டவை. ஆனால் வண்ணம் தீட்டியது கணினியில். மியாசாகியின் ஸ்டூடியோவான ஜிப்லி 1990களின் இறுதியிலேயே அந்த முறைக்கு மாறிவிட்டது.

கொட்டகைரசிகன் எழுதியது:

தமிழ் ரசிகர்கள் கணினி அனிமேஷன் என்றதும் முகம் சுளிப்பதற்கு ‘கோச்சடையான்’ (2014) ஒரு காரணம் என்பது என் எண்ணம். ரஜினி தலைமுடியைக் கோதும் விதத்தைக்கூட மனப்பாடமாக அறிந்த கண்கள், அசைவுப் பதிவு (நடிகரின் அசைவைக் கணினியில் பதியும் முறை) வழியாக வந்த உருவத்தில் ஒரு சிறு பிசகையும் மன்னிக்காது. அதை வைத்து ஒரு முறையையே எடைபோடுவது நியாயமன்று.

மோனாவுக்கு வருகிறேன். அதை இயக்கிய ரான் கிளெமென்ட்ஸ், ஜான் மஸ்கர் இருவரும்தான் 1989-இல் ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ எடுத்தவர்கள். அந்தப் படத்தோடு டிஸ்னியின் முழுநீளப் படங்களில் ‘செல்’ எனும் ஒளிபுகும் தாளில் கையால் வண்ணம் தீட்டும் காலம் ஏறக்குறைய முடிந்தது. அடுத்த ஆண்டே பிக்ஸாருடன் சேர்ந்து உருவாக்கிய கணினி வண்ண முறை வந்துவிட்டது. கடலைக் கையாலும் கணினியாலும் செய்து பார்த்த அதே இருவர், மோனாவில் மாவி என்னும் பாத்திரத்தின் உடலில் நடமாடும் பச்சைக்குத்து உருவத்தை மட்டும் எரிக் கோல்ட்பெர்க் மேற்பார்வையில் கையால் வரையவைத்தார்கள். அந்தக் குட்டி மாவி ஒரு சொல்லும் பேசாமல் கேலி செய்வதையும் கோபித்துக்கொள்வதையும் கவனியுங்கள். இத்தனைக்கும் அது தட்டையான கறுப்புக் கோடு.

நேரம் கிடைத்தால் ‘பினோக்கியோ’வில் (1940) திமிங்கிலம் துரத்தும் கடலையும் பாருங்கள். மியாசாகியைப் போல மீனாக மாற்றாமல், தண்ணீரைத் தண்ணீராகவே வைத்து, கையால் அவ்வளவு கனமாக வரைந்திருக்கிறார்கள். எனக்கு இந்த விவாதத்தில் அதுதான் முதலிடம்.

கரையோரம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. போன்யோவின் வண்ணம் கணினியில் தீட்டப்பட்டது என்பது எனக்குப் புதுச் செய்தி. நேற்றிரவு பினோக்கியோ பார்த்தோம். மகள் இம்முறையும் கையைப் பிடித்தாள், நானும் பிடித்துக்கொண்டேன். பிறகு மோனாவை மீண்டும் போட்டு, குட்டி மாவி வரும் இடங்களை மட்டும் ஓட்டிப் பார்த்தோம். கடலைப் பற்றிய என் எண்ணம் மாறவில்லை. ஆனால் இனி அதைக் கணினியின் குறை என்று சொல்லமாட்டேன். மோனாவின் கடல் நாயகிக்குத் தோழி. பயமுறுத்துவது அதன் வேலையே இல்லை என்று மகள்தான் சொன்னாள்.

பென்சில்முனை அவர்களுக்கு ஒரு கேள்வி: வீட்டில் சாதாரணத் தாளில் அலை வரைந்து புரட்டிப் பார்க்க, துளையிடும் கருவியும் முளைப் பட்டையும் கட்டாயம் வேண்டுமா, அல்லது ஒரு கிளிப் போதுமா?

பென்சில்முனை எழுதியது:

கிளிப் போதும். தாளின் மேல்விளிம்பில் மாட்டுங்கள், கீழிருந்து புரட்டுங்கள். மெல்லிய தாளாக இருக்கட்டும். அடியில் உள்ள கோடு தெரியவேண்டும். பன்னிரண்டு தாள் வரைந்தால் ஒரு நொடி.