புதுப்பிப்பு: ஏடிவி ஃபெண்டர் கீறல் போய்விட்டது

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் ஓடும் எங்கள் ஏடிவியின் (கரடுமுரடான பாதையில் ஓடும் நாலு சக்கர வண்டி) சிவப்பு ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலுள்ள மட்கார்டு) உண்ணிச்செடி முள் உரசி வெளிறிக் கிடக்கிறது, பெயின்ட் அடிக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். அடிக்கவில்லை. இது பாலிஎதிலீன் வகை பிளாஸ்டிக். பெயின்ட் சரியாகப் பிடிக்காது. நிறம் மேல்பூச்சும் இல்லை, உள்ளேயும் அதே சிவப்புதான்.

அதனால் ஃபெண்டரைக் கழற்றிக் கழுவி, ஆழமான கீறலை மட்டும் 400, 800, 1500 எண் உப்புத்தாளால் (எண் கூடக் கூட நைசாக இருக்கும்) வரிசையாக தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். தேய்த்ததும் மங்கலாகத்தான் தெரியும், பயப்பட வேண்டாம். அப்புறம் ஹீட் கன் (சூடான காற்றை வீசும் கருவி). ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காட்டினால், வெள்ளைக் கோடு மெல்லக் கரைந்து, ஈரம் பட்டதுபோல் சிவப்பு மேலே வரும். அந்த நொடியே கையை நகர்த்திவிடுங்கள், இல்லையென்றால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும். ஸ்டிக்கர் பக்கம் சூடே வேண்டாம்.