உயர் அழுத்த மின்கம்பிக்கு அருகே மலிவாக ஒரு வீடு: வாங்கலாமா?

கேள்வி:
நாங்கள் பார்த்த வீடு எல்லா வகையிலும் பிடித்திருக்கிறது. ஆனால், கொல்லைப்புறத்தை ஒட்டி உயர் அழுத்த மின்கம்பிகள் செல்வதால்தான் விலையைக் குறைத்திருக்கிறார்கள். கைக்குழந்தை இருப்பதால் தயங்குகிறேன். வாங்கலாமா?

மறுமொழி 1:
தயக்கம் இயல்பானதே. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002இல் மின்கம்பிகளைச் சுற்றி உண்டாகும் இவ்வகைக் காந்தப்புலத்தைப் ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம்’ என்னும் 2பி பிரிவில் சேர்த்தது. சராசரியாக 0.3 முதல் 0.4 மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மேற்பட்ட புலத்தில் வாழ்ந்த குழந்தைகளிடம் இரத்தப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டதே அதற்கு அடிப்படை. ஆயினும், புலம்தான் காரணம் என்று இதுவரை நிறுவப்படவில்லை. சுவர் காந்தப்புலத்தைத் தடுக்காது, தூரம்தான் குறைக்கும். ஆகவே, ஊகிப்பதை விட்டு, மின்பயன்பாடு மிகுந்த நேரத்தில் குழந்தை உறங்கப்போகும் அறையிலேயே கருவி வைத்து அளந்து பாருங்கள்.

மறுமொழி 2:
எனக்கென்னவோ விற்கும் நாள்தான் பெரிதாகத் தெரிகிறது. இன்று உங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடியை நாளை உங்களிடம் வாங்குபவரும் கேட்பார். மின்தடத்துக்கான வழியுரிமை, அதாவது கம்பிகள் செல்வதற்கென ஒதுக்கிய நிலப்பட்டை, மனைக்குள் வருகிறதா என்று பத்திரத்தில் பாருங்கள். வந்தால் மாடி எழுப்பவோ உயர்ந்த மரம் வளர்க்கவோ விடமாட்டார்கள். அப்படியொரு வீட்டில் குடியிருந்தவன் நான்: தூறல் இரவுகளில் கம்பிகள் சடசடவென்று இரையும், சன்னலைச் சாத்தினாலும் கேட்கும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. வெயிலில் மட்டுமே போய்ப் பார்த்திருக்கிறோம். முன்பணம் கொடுக்குமுன் மழைநாளில் ஒருமுறை சென்றுவருகிறேன்.